நிழல் வீதியும் மெய் வீதியும்

மெய்யான செயலுக்கு முன்னே ஒத்திகை பார்த்தல் தமிழர்க்குப் புதிய வழக்கமன்று. கூத்தனைக் களரியேற்றுமுன் அண்ணாவியார் பலநாட் பழக்குவர். அப்பழக்கத்தின்போது தாளம் தப்பினாற் பழியில்லை. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குக் கணினி ஆக்கிய மெய்நிகர்க் காட்சிகளினூடே பயிற்சியளிக்கும் முறையும் இத்தகைய ஒத்திகையேயாம்.

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஓட்டிசத்தை மருத்துவ உலகின் கவனத்துக்குப் பெரிதும் கொணர்ந்தது. பேச்சிலும் உறவாடலிலும் புலனுணர்விலும் பிறரினின்று வேறுபடும் இப்பிள்ளைகளுட் பலருக்குத் திடீர் ஓசையும் சனநெரிசலும் பேரச்சம் விளைப்பன. 1968இல் ஐவன் சதர்லண்ட் தலையிற் பூணும் காட்சிக் கருவியொன்றை ஆக்கினார். அணிந்தவர் தலையைத் திருப்பக் காட்சியும் உடன் திரும்பிற்று. இவ்விரு துறைகளும் ஒன்றையொன்று சந்திக்கக் கால் நூற்றாண்டுக்கு மேற் சென்றது.

வட கரோலினாவில் டொறதி ஸ்ற்றிக்லண்ட் முதலியோர் நிகழ்த்தி 1996இல் வெளியிட்ட ஆய்வு அச்சந்திப்பைக் குறிப்பது. ஓட்டிசம் உள்ள 2 பிள்ளைகள் கனமான தலைக்கவசம் அணிந்து, வேண்டாத விவரங்கள் நீக்கப்பெற்ற நிழல் வீதியொன்றைக் கண்டனர். அதிற் செல்லும் காரைக் கண்ணாற் பின்தொடர்ந்தனர். அதன் நிறத்தைக் கூறினர். கவசத்தை அவர்கள் ஏற்றமையே அன்று பெரும்பேறாகக் கருதப்பட்டது. ஆயினும், மெய்யான வீதியை அவர்கள் கடக்கக் கற்றனர் என்று அவ்வாய்வு நிறுவவில்லை. நிழலிற் கற்றது மெய்யில் உதவுமா என்னும் அவ்வினாவே பின்வந்தோர்க்கும் உரைகல்லாயிற்று.

அவ்வினாவுக்கு விடைதேடியோருள் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் குறிப்பிடத்தக்கவர். அவர்கள் தலைக்கவசத்தைத் தவிர்த்து, சுற்றிலும் காட்சி வீழ்த்தப்படும் நீல அறையைப் பயன்படுத்தினர். நெரிசல் மிக்க பேருந்து, புறா முதலிய அச்சப்பொருள்கள் ஆங்கே படிப்படியாகக் காட்டப்பட்டன. உளவியலாளர் பிள்ளையின் அருகிலேயே நின்று மூச்சை ஆற்றப் பழக்கினார். பின்னர்ப் பெற்றோர் துணையுடன் பிள்ளை மெய்யான இடத்துக்குச் சென்றது. 2014இல் வெளியான முதல் ஆய்வில் 9 சிறுவருள் 8 பேர் முன்னேறினர். 32 பிள்ளைகளைக் கொண்டு நிகழ்த்தி 2019இல் வெளியிட்ட ஆய்விலோ, பயிற்சி பெற்ற 16 பேருள் 6 பேரே ஆறு மாதத்தின் பின் தெளிவான பயனடைந்திருந்தனர். பயிற்சிக்குக் காத்திருந்த 16 பேருள் ஒருவரும் அந்நிலை எய்தவில்லை. எனவே இம்முறை எல்லார்க்கும் பொதுவான மருந்தன்று. சிலர்க்கு மெய்யாகவே வழிதிறப்பது.

இது நம் நாட்டுக்கு அயலான செய்தியுமன்று. இலங்கையில் நகரையண்டிய பகுதியொன்றில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு, 93 குழந்தைகளுள் ஒருவர்க்கு ஓட்டிசம் இருக்கக் கண்டது. லிங்கநகர் ஒழுங்கையிலிருந்து பெருந்தெருவுக்கு வரும் அத்தகைய பிள்ளையும் பாடசாலைக்குச் செல்ல அத்தெருவைக் கடந்தேயாக வேண்டும். நீல அறை இங்கில்லை. ஆயினும், காட்சியை எளிதாக்கல், படிப்படியாக நெருங்கல், நம்பிக்கைக்குரிய ஒருவர் உடனிருத்தல், இறுதியில் மெய்யான இடத்திலே பழக்கல் என்னும் நான்கும் அதன் உள்ளுறை. சந்தடி குறைந்த காலைப்பொழுதில், தெருவின் படமொன்றைக் கையிற் கொண்டு, ஆசிரியரோ பெற்றோரோ இவற்றைத் தொடங்கலாம். பிள்ளையைப் பிறர்போல் ஆக்குதல் இதன் நோக்கமன்று. அது செல்ல விரும்பும் இடத்துக்கு அஞ்சாது செல்லல் வேண்டும். அதற்கு வாகனம் செலுத்துவோரும் தெருவோரத்தாரும் சற்றுப் பொறுத்து நிற்றலும் கடன்.