எங்கள் கரைக்கு வந்த ஆபிரிக்கர்

மூதூரில் ஒரு நினைவுக்கல் நிற்கிறது. 1660இல் கொட்டியாரக் குடாவில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கிலேயர் ரொபேட் நொக்சுக்காக நாட்டியது. பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டில் கைதியாக இருந்து, 1679இல் அரிப்புக் கோட்டையை எட்டித் தப்பி, 1681இல் இலங்கையைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டவர். குச்சவெளியில் நான் வரலாறு படிப்பித்த காலத்தில் பிள்ளைகள் இந்தக் கதையை வாய் பிளந்து கேட்பார்கள். மிச்சக் கதையையும் நான் விடாமல் சொல்வேன். ஊர் திரும்பிய நொக்ஸ் கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பலுக்குத் தலைவரானார். 1680களில் அந்தக் கப்பலோடு மடகஸ்காருக்குப் போனார், செயின்ட் ஹெலினா தீவுக்கு அடிமைகளை வாங்கிச் செல்ல. அடைபட்டுக் கிடப்பது என்னவென்று தெரிந்த மனிதர் அவர். தெரிந்தும் வாங்கினார். அவருக்குக் கல் இருக்கிறது. அவர் விலை கொடுத்து வாங்கியவர்களின் பெயர் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

எங்கள் கிழக்குக் கரையின் கதையும் இதுதான். 1620களில் கோணேசர் கோயிலை இடித்துப் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியதை ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். 1639இல் ஒல்லாந்தர் வந்ததும், 1795இல் ஆங்கிலேயர் வந்ததும் பரீட்சைக்கு வரும். இந்த மூன்று கொடிகளின் கீழும் இலங்கையில் சண்டை பிடித்து, கல் சுமந்து, கோட்டை மதிலில் காவல் நின்று செத்த ஆபிரிக்கர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மொசாம்பிக் கரையிலிருந்து கோவாவுக்கும் அங்கிருந்து இலங்கைக்கும் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்களில் பலர். ஆங்கிலேயர் கண்டியோடு போருக்கு இறங்கிய காலத்தில் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் கோவாவில் ஆபிரிக்க அடிமைகளை விலைக்கு வாங்கிப் படை சேர்த்தார். 1807இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை வணிகத்தைத் தடை செய்தது. அதற்குப் பின்னும் இந்தப் படைக்கு மொசாம்பிக்கிலிருந்து ஆள் பிடித்துத்தான் வந்தார்கள்.

வெள்ளைக்காரனை மட்டும் குற்றஞ்சொல்லி நாங்கள் ஒதுங்க முடியாது. 1659, 1660ஆம் ஆண்டுகளில் தஞ்சாவூர்ச் சீமை பஞ்சத்தில் வாடியபோது ஒல்லாந்தர் ஆயிரக்கணக்கான தமிழரை அடிமாட்டு விலைக்கு வாங்கி இலங்கைக்கு ஏற்றினார்கள். வாங்கியவன் ஒல்லாந்தன், விற்றவர்களில் எங்கள் ஆக்களும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் கோவியர், நளவர், பள்ளர் மக்கள் பிறப்பாலேயே அடிமைகள் என்று ஆங்கில அரசின் பதிவேட்டில் எழுதப்பட்டார்கள். எழுதுவித்த எசமானர்கள் தமிழர். 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம்தான் இலங்கையில் அடிமைமுறையை முடித்து வைத்தது. ஆபிரிக்கருக்கு நடந்த அநியாயத்தைப் பேச வாய் திறக்கும் தமிழன் இந்தப் பதிவேட்டையும் கையில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும் என்பது என் பிடிவாதம்.

பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் இலங்கையைப் பற்றி 1859இல் வெளியிட்ட பெரிய நூலில், இத்தனை ஆபிரிக்கர் வந்தும் அவர்களுடைய சந்ததியின் தடத்தைக் காண்பது கடினம் என்ற கருத்தை எழுதிவைத்தார். தடம் இருந்தது. ஆபிரிக்கச் சிப்பாய்கள் பணியாற்றிய இலங்கைத் துப்பாக்கிப் படை 1873இல் கலைக்கப்பட்டது. புத்தளத்தில் நிலைகொண்டிருந்த அந்தச் சிப்பாய்களின் குடும்பங்கள் அருகிலுள்ள சிரம்பையடியில் நிலைத்தன. சிலருக்கு உப்பளக் காவல் வேலை கிடைத்தது. என் அப்பா நிலாவெளி உப்பளத்தில் கூலிக்குப் போனவர். உப்பு வாரும் காலத்தில் அவருடைய பாதங்கள் வெடித்து, இரவில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டிருப்பார். சிரம்பையடிக்காரரின் வேலையைப் பற்றி வாசித்தபோது, அந்த வெயிலை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர்கள் காப்பாற்றி வைத்திருப்பது பாட்டு. மாஞ்ஞா என்று சொல்வார்கள். ரபான், தேங்காய்ச் சிரட்டை, கண்ணாடிப் போத்தல், கரண்டி, இவைதான் வாத்தியம். இரண்டு மூன்று அடிகளே திரும்பத் திரும்ப வரும். மெதுவாகத் தொடங்கி, தாளம் ஏறி ஏறி, முடிவில் உட்கார்ந்திருப்பவரையும் எழுப்பிவிடும். சொற்கள் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி. வீட்டில் பேசுவது இன்று சிங்களம். பாட்டில் மட்டும் பழைய மொழி தங்கியிருக்கிறது. தாய் பாட, பிள்ளை கூடப் பாடிப் பழகியதால் வந்து சேர்ந்தவை இந்த அடிகள். ஆராய்ச்சியாளர் ஷிஹான் டி சில்வா ஜயசூரிய இந்தப் பாட்டுகளையும் மக்களையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். கலியாண வீடுகளில் நாங்கள் ஆடும் பைலாவின் துள்ளலில் ஆபிரிக்கத் தாளத்துக்கும் பங்குண்டு. பந்தலில் ஆடுகிற எத்தனை பேருக்கு அது தெரியும்?

தெரியாததால் வரும் கேடு சின்னதல்ல. சுருட்டை முடியோடு கறுப்பாகப் பிறந்த பிள்ளையை, ஆபிரிக்கரைக் குறிக்கும் 'காப்பிலி' என்ற சொல்லால் கூப்பிடுவதை எங்கள் ஊர்களில் விளையாட்டு என்கிறார்கள். அப்படிக் கூப்பிடப்பட்ட ஒரு மாணவி வருடக்கணக்கில் தலைமுடியை இறுக்கிக் கட்டி மறைத்துக்கொண்டே வகுப்புக்கு வந்தாள். ஆபிரிக்கப் படையினரின் கதையை நான் சொன்ன அன்று, "அவங்களும் எங்கட ஆக்களா சேர்?" என்று கேட்டாள். ஓம், இந்த மண்ணில் இரத்தம் சிந்தி, பிள்ளை பெற்று, உப்புக்குக் காவல் நின்றவர்கள் எங்கள் ஆக்கள்தான் என்றேன். முகத்தை வெளுக்கவைக்கும் கிறீம்களை எங்கள் பெண்பிள்ளைகள் பூசுவதும் இதே நோய்தான். அவற்றில் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கும். அது சிறுநீரகத்தைத் தின்னும். தோலைப் பற்றிய வெட்கத்தைப் போக்க வகுப்பறையை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

திருகோணமலை பாலையூற்றில் ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களில் மூத்தவர்கள் இன்றைக்கும் போர்த்துக்கேயக் கிரியோலில் கதைப்பார்கள். ஆபிரிக்க வழிவந்த சில குடும்பங்களும் இந்த மாவட்டத்தில் அவர்களோடு கலந்திருக்கின்றன. சிரம்பையடியில் பாட்டு உண்டு, பேச்சு இல்லை; பாலையூற்றில் பேச்சு உண்டு. ஏ-12 பெருந்தெரு புத்தளத்தில் தொடங்கி அநுராதபுரம் வழியாகத் திருகோணமலையில் முடிகிறது. சிரம்பையடி, பாலையூற்று ஆகிய இரண்டு ஊர் மூத்தவர்களையும் ஒரு மண்டபத்தில் சேர்த்து உட்காரவைத்து, ஒருவர் பாட மற்றவர் பொருள் சொல்ல, முழுவதையும் ஒலிப்பதிவு செய்து, தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் பாடசாலைகளுக்குக் கொடுக்கலாம். ஒரு பஸ், இரண்டு நாள் சாப்பாடு, ஒரு நல்ல ஒலிவாங்கி போதும். மாகாணக் கல்வித் திணைக்களம் இதைச் செய்ய வேண்டும். பாலையூற்றில் அந்த மொழியைச் சரளமாகக் கதைக்கிறவர்களுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. அடுத்த பாடசாலைத் தவணை விடுமுறைக்குள் தொடங்கலாம்.