அளவையும் அதிகாரமும்: முகிற்கணிமைச் செலவுக் கருவிகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நடத்திய போராட்டங்களுள் நிறை பற்றிய போராட்டம் தனித்து நோக்கத்தக்கது. வெட்டியெடுத்த கரியின் நிறைக்கேற்பவே அவர்களுக்குக் கூலி வழங்கப்பட்டது. நிறுப்பவரோ முதலாளியின் ஆளாகவே இருந்தார். நிறையைச் சரிபார்க்கத் தமக்கென ஒருவரை நியமிக்கும் உரிமையை 1860ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர்க்கு அளித்தது. 1887ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மேலும் வலுப்படுத்தியது. இடைப்பட்ட காலத்தில், 1866ஆம் ஆண்டின் பாராளுமன்றக் குழு அறிக்கையை ஆதாரமாகக் கொண்டு, பொய்நிறை பற்றிய முறைப்பாடுகளை மார்க்ஸ் தமது 'மூலதனம்' முதலாம் தொகுதியிற் பதிவுசெய்தார். அளப்பவர் யார், அளவையைச் சரிபார்ப்பவர் யார் என்னும் வினாக்கள் நமது காலத்திலே கணினித் துறையிலும் எழுந்துள்ளன. முகிற்கணிமைச் செலவைக் கணக்கிடும் திறந்த மூலக் கருவிகளின் வளர்ச்சியை இவ்வினாக்களின் அடிப்படையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முகிற்கணிமை என்பது சாராம்சத்தில் ஒரு வாடகை உறவாகும். பயன்படுத்துவோர் கணினியைச் சொந்தமாக வாங்காது, வேறொரு நிறுவனத்தின் தரவு நிலையத்திலுள்ள இயந்திரங்களை இணையத்தின் வழியாக வாடகைக்குப் பெறுகின்றனர். 1961இல் எம்.ஐ.ரி. நிறுவகத்தின் நூற்றாண்டு விழாவிலே உரையாற்றிய ஜோன் மக்கார்தி, தொலைபேசியைப் போலக் கணிப்பும் ஒருநாள் பொதுப்பயன்பாட்டுச் சேவையாக ஒழுங்கமைக்கப்படலாம் என்றார். நடைமுறையில் அச்சேவை பெரும் தனியார் நிறுவனங்களின் உடைமையாகவே உருப்பெற்றது. 2006 மார்ச்சில் அமேசன் தரவுச் சேமிப்பையும், அதே ஆண்டு ஓகஸ்டிற் கணிப்புத் திறனையும் வாடகைக்கு விடத் தொடங்கியது. ஓர் இயந்திரத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்குப் பத்து அமெரிக்கச் சதம் என்பதே தொடக்க வாடகை. 2017இல் விநாடிக் கணக்கில் அறவிடும் முறையும் வந்தது. அளவை நுண்மையடைந்ததாயினும் கணக்கு எளிமையடையவில்லை. சேமிப்பு, வலையமைப்பு, தரவை வெளியே எடுத்தல் என ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டணமாயிற்று. பெரும் நிறுவனமொன்றின் மாதாந்தக் கணக்கு இலட்சக்கணக்கான வரிகளாக விரிந்தது. அதனை எழுதுபவரும் வாடகை வாங்குபவரும் ஒருவரே.

இந்நிலையிலேதான் வாடகைதாரர் தமக்கெனக் கணக்கேடு எழுதத் தலைப்பட்டனர். 2013இல் நெற்பிளிக்ஸ் நிறுவனம் தனது 'ஐஸ்' என்னும் கருவியின் மூலநிரலைப் பகிரங்கப்படுத்தியது. அது அமேசனின் கணக்கை வாசித்து, எப்பிரிவு எதற்குச் செலவிட்டது என்பதை வரைபடமாகக் காட்டிற்று. ஆயின் அது நடந்து முடிந்த செலவைக் காட்டும் கண்ணாடியே. 2016இல் கப்பிற்றல் வன் வங்கி வெளியிட்ட 'கிளவுட் கஸ்ரோடியன்' ஒரு படி முன்சென்றது. பயனின்றிக் கிடக்கும் இயந்திரங்களை இனங்காண்பதோடமையாது, எழுதிவைத்த விதிகளின்படி அவற்றை நிறுத்தவும் செய்தது. 2020களின் தொடக்கத்தில் வந்த 'இன்பிராகொஸ்ற்', உட்கட்டமைப்பு நிரலை எழுதும்பொழுதே அதனால் விளையவுள்ள செலவை மதிப்பிட்டுக் காட்டியது. காணுதல், கட்டுப்படுத்துதல், முன்னறிதல் என இவ்வளர்ச்சியின் படிநிலைகளை வகுக்கலாம்.

கூகிள் 2014இல் வெளியிட்ட குபெர்நெற்றிஸ் பரவியதோடு புதியதொரு சிக்கல் தோன்றியது. பல குழுக்களின் மென்பொருள்கள் ஒரே சேவையகத்தில் அருகருகே இயங்கலாயின. முகில் நிறுவனத்தின் கணக்கு சேவையகத்தின் வாடகையை மட்டுமே கூறும். யாருடைய வேலைக்கு எவ்வளவு என்று கூறாது. 2022இல் வெளிவந்த 'ஓப்பின்கொஸ்ற்' இதற்கு விடைகாண முயன்றது. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒதுக்குமாறு கேட்ட அளவு, உண்மையில் நுகர்ந்த அளவு ஆகிய இரண்டனுள் பெரியதைக் கொண்டு அது செலவைப் பங்கிடுகிறது. எவரும் பயன்படுத்தாத திறனின் செலவையும் தனித்துக் காட்டுகிறது. வாடகை செலுத்தப்பட்டும் வெறுமனே கிடந்த இயந்திர நேரம் இவ்வாறு கணக்கேட்டில் ஒரு பெயரைப் பெற்றது.

அடுத்த முன்னேற்றம் மொழி பற்றியதாகும். ஒவ்வொரு நிறுவனமும் ஒரே பொருளுக்கு வெவ்வேறு பெயரிட்டுக் கணக்கு வழங்கிவந்தமையால் ஒப்பீடு அரிதாயிற்று. லினக்ஸ் மன்றத்தின் கீழியங்கும் பின்ஒப்ஸ் மன்றம் 2024 ஜூனில் 'போக்கஸ்' என்னும் பொதுக் கணக்கு நியமத்தின் முதற் பதிப்பை வெளியிட்டது. அமேசன், மைக்ரோசொப்ட், கூகிள், ஒராக்கிள் ஆகியவை அவ்வமைப்பிலே தரவுகளை வழங்க முன்வந்தன. வாடகை வாங்குபவர் வாடகைதாரரின் பொதுமொழியிற் கணக்குக் காட்ட நேர்ந்தமை சிறிய வெற்றியன்று.

எனினும் இவ்வெற்றியின் எல்லைகளையும் நாம் மனங்கொள்ளல் வேண்டும். முதலாவதாக, இக்கருவிகள் நுகர்வை அளக்கின்றனவேயன்றி விலையை நிர்ணயிப்பதில்லை. நிறுத்தவேண்டிய இயந்திரத்தைக் காட்டும் கருவி, இயங்கவேண்டிய இயந்திரத்தின் வாடகை நியாயமானதா என்று வினவுவதில்லை. தனது தரவின் பெரும்பகுதியை அமேசனிலிருந்து சொந்த இயந்திரங்களுக்கு மாற்றிய டிரொப்பொக்ஸ், அதனால் இரண்டாண்டுகளில் ஏறத்தாழ 7.5 கோடி டொலர் செலவு குறைந்ததென 2018இல் தெரிவித்தது. அத்தகைய வெளியேற்றம் பெருமூலதனம் உடையோர்க்கே இயலும்.

இரண்டாவதாக, கருவிகளின் உடைமை பற்றிய வினா எழுகின்றது. ஓப்பின்கொஸ்ற்றைத் தோற்றுவித்த கியூப்கொஸ்ற் நிறுவனத்தை 2024இல் ஐ.பி.எம். வாங்கியது. ஐ.பி.எம்.மும் முகில் வாடகைக்கு விடும் நிறுவனமே. நிறையைச் சரிபார்ப்பவரைச் சுரங்க உடைமையாளர் வேலைக்கமர்த்தியமைக்கு இதனை ஒப்பிடலாம். ஆயினும் திறந்த உரிமத்தின்கீழ் மூலநிரல் பொதுவில் நிற்பதனால் அதனை எவரும் மறைத்துவிட முடியாது. திறந்த மூலத்தின் உண்மையான வலிமை இதுவேயாகும்.

மூன்றாவதாக, நாம் கையாண்ட ஒப்புமைக்கும் எல்லையுண்டு. சுரங்கத் தொழிலாளர் தமது உழைப்பை விற்றவர்கள்; நெற்பிளிக்சும் வங்கியும் தாமே மூலதனங்கள். அவற்றுக்கும் அமேசனுக்கும் இடையிலான முரண்பாடு மூலதனங்களுக்கிடையிலான முரண்பாடாகும். மிச்சமாகும் பணம் உழைப்பாளரைச் சென்றடையும் என்பதற்கு எவ்வித உறுதியுமில்லை. ஆனால் பொதுப்பணத்தில் இயங்கும் பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் நூலகங்களும் இதே வாடகையைச் செலுத்துகையில் பிரச்சினை பொதுமக்களுடையதாகிவிடுகின்றது.

சரிபார்ப்பாளரை வென்றெடுத்தது தராசன்று, தொழிற்சங்கமும் சட்டமுமே. முகிற்கணிமையிலும் இதன் தொடக்கக் குறிகள் தென்படுகின்றன. 2025 செப்டெம்பர் முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம், ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வாடிக்கையாளரிடம் மாறுதற் கட்டணம் அறவிடுவதை 2027 ஜனவரி 12 முதல் தடைசெய்கின்றது. எந்தக் கணக்கீட்டுக் கருவியாலும் நீக்கமுடியாத ஒரு கட்டணம் சட்டத்தினால் நீக்கப்படுகின்றது. திறந்த கணக்கேடு இத்தகைய கோரிக்கைகளுக்கு வேண்டிய சான்றை வழங்குகின்றது; கோரிக்கையை எழுப்புவோர் மனிதரே. பொது நிறுவனங்கள் இக்கருவிகளைக் கையாண்டு தமது கணக்குகளைப் பகிரங்கப்படுத்துமாயின், விலை பற்றிய விவாதம் நிறுவனங்களின் அலுவலறைகளைக் கடந்து பொதுவிவாதமாக மாறும். இத்திசையில் மேலும் ஆய்வுகள் நிகழ்தல் வேண்டும்.