‘அந்த நாள்’ ராஜன்: உடையும் நடிகர் தேர்வும்

புதுவை உழவர்கரை நகராட்சியின் எல்லைக்குள் அடங்கிய கருவடிக்குப்பத்தில், 1922 நவம்பர் 13ஆம் நாள் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இருக்கிறது. நாடகாசிரியராகப் புகழ் பெறுமுன் எமன், சனீசுவரன் முதலிய உக்கிர வேஷங்களைத் தாங்கி நடித்த அவர், தம் கோலத்தைக் கண்டு அஞ்சிய கர்ப்பிணி ஒருத்திக்குக் கருக் கலைந்ததென்று கேள்வியுற்று நடிப்பையே துறந்தார் என்றொரு கதை நாடக உலகில் வழங்கி வருகிறது. சொன்னபடியே அது நடந்ததா என்ற ஆராய்ச்சி இங்கே வேண்டுவதில்லை; பாத்திரம் வாய் திறக்குமுன்பே அதன் சுபாவத்தை அரிதாரமும் கிரீடமும் சபைக்கு அறிவித்துவிடும் என்ற சம்பிரதாயத்தில் ஊறியவர்கள் அதை ஐயமின்றி நம்பினார்கள் என்பது போதும். நடிகர்களையே ராஜபார்ட், கள்ளபார்ட் என்று பிரித்து அழைத்ததும் அச்சம்பிரதாயத்தின் வழிவந்ததே.

அந்நாடக மரபினின்று கிளைத்த தமிழ்ப்படம், மனச்சாட்சி இரண்டுபட்ட கதாநாயகனை எந்தக் கோலத்தில் நிறுத்துவது என்ற சங்கடத்தை நேருக்கு நேராகச் சந்தித்தது, என் அபிப்பிராயத்தில், ஏவி.எம். தயாரித்து எஸ். பாலச்சந்தர் இயக்கி 1954 ஏப்ரலில் வெளிவந்த ‘அந்த நாள்’ படத்தில்தான். ஜப்பானியர் குண்டுவீச்சுக்குச் சென்னை அஞ்சிக் கிடந்த 1943இல், ரேடியோ எஞ்சினீயர் ராஜன் தன் வீட்டிலேயே சுடப்பட்டு இறந்து கிடப்பதில் கதை தொடங்குகிறது. மனைவி, தம்பி, தம்பி மனைவி, அயல்வீட்டார், ஆசைநாயகி ஆகியோரின் வாக்குமூலங்களினூடே, தன் திறமையை மதியாத தேசத்தின்மேல் கொண்ட மனக்கசப்பால் பகைவனுக்கு இரகசியங்களை விற்றவன் அவன் என்பது சிறிது சிறிதாகப் புலப்படுகிறது.

அத்தகைய தேசத்துரோகிக்கு அணிவித்த உடையோ, படித்த உத்தியோகஸ்தன் எவனும் அக்காலத்தில் அணிந்த கோட்டும் கால்சட்டையுமே. ஒற்றனுக்குரியதென்று ரசிகர் எதிர்பார்க்கும் அடையாளம் ஒன்றையும் அவன்மேல் ஏற்றவில்லை. சந்தேகத்தை உண்டாக்கும் வேலை மாருதி ராவின் ஒளிப்பதிவில் விழும் நிழல்களிடம் விடப்பட்டது. பாத்திரத்தின் உள்ளப் போராட்டத்தை உடையே காட்ட வேண்டும் என்று வாதிப்போர் உண்டு. ஆனால் உடை முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிட்டால், பிறகு துப்பறியும் சிவானந்தத்துக்கோ நமக்கோ விசாரிக்க என்ன மிஞ்சும்?

உடை வாய் மூடிக்கொண்ட இடத்தில் பேசியது நடிகரின் முகம். இதனால்தான் நடிகர் தேர்வு அத்தனை பாடு படுத்தியது. முதலில் கல்கத்தா என். விசுவநாதனை வைத்துச் சில காட்சிகளை எடுத்து, அவை திருப்தி அளிக்காமல், சுவாமிகளின் மாணாக்கரான டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவில் பயின்ற எஸ்.வி. சகஸ்ரநாமத்தை அழைத்து, அவரிடம் அப்பாத்திரத்துக்கு வேண்டிய இளமை காணவில்லையென்று, இறுதியில் சிவாஜி கணேசனிடம் வந்து சேர்ந்தார்கள். வயது இங்கே அற்ப விஷயமன்று. நடுவயதினன் செய்யும் துரோகம் தீர ஆலோசித்த வியாபாரமாகவே தோன்றும். இளைஞன் செய்யும்போதோ அதில் அவமானத்தின் சூடு இருக்கிறது, அச்சூட்டை நாம் வெறுத்துக்கொண்டே புரிந்தும் கொள்கிறோம்.

இன்னும் நுட்பமானது, ராஜனின் மனைவி உஷாவாகப் பண்டரிபாய் அமைந்தது. 1952இல் ‘பராசக்தி’யில், திசைகெட்டுத் திரிந்த, சிவாஜி ஏற்ற குணசேகரனை நல்வழிக்குத் திருப்பும் விமலாவாக வந்தவர் அவரே. அந்தத் தம்பதியைக் கண்டு மகிழ்ந்த ரசிகர் இரண்டே ஆண்டுகளில் அதே இருவரையும் கணவன் மனைவியாகக் காணும்போது, இவள் இவனைத் திருத்திவிடுவாள் என்ற நம்பிக்கையைத் தம்மையறியாமலே கொட்டகைக்குள் எடுத்து வருகிறார்கள். தேசப்பற்று மிக்க அந்த மனைவியின் கைத் துப்பாக்கியாலேயே ராஜன் மாய்கிறான் என்று தெரியும்போது கலங்குவது, முந்தைய படம் வளர்த்த நம்பிக்கையும்தான். பாலச்சந்தர் இதைத் திட்டமிட்டே செய்தாரா என்று கேட்பது வீண். திரையில் அது நிகழ்கிறது.

பாட்டும் நடனமும் இல்லாத அப்படம் முதல் வெளியீட்டில் பெருவாரியான மக்களைக் கவரவில்லை. பாட்டின்மையே அதற்குக் காரணமென்று பலரும் சொல்லிப் போவார்கள். தாம் நேசித்த முகத்தில் துரோகத்தைக் காண நேர்ந்த அதிருப்திக்கும் அதில் பங்குண்டென்று எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் பாட்டு இருந்திருந்தாலும், ராஜனை வெறுப்பதா, அவனுக்காக இரங்குவதா என்று தெரியாமல் தவித்த ரசிகனுக்கு அது எந்தப் பக்கம் துணைநின்றிருக்கும்?