பொதிவிலங்கு ஏறும் வழி

கலிபோர்னியாவின் கிழக்குப் பகுதியில் ஏறத்தாழ 400 மைல் நீளும் சியரா நெவாடா மலைத்தொடரைக் குறுக்காகக் கடந்தவர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே பலர் இருந்தனர். அதன் உயர்முகட்டையொட்டி நெடுக நடப்பதற்கு மட்டும் வழி இருக்கவில்லை. அவ்வழியைத் தேடியவர்களுள் தியோடர் சாலமன்ஸ் முன்னோடி எனில், அதனை வரைபடத்திலும் தரையிலும் உறுதிசெய்தவர்களுள் முதன்மையானவர் ஜோசப் நிஸ்பெட் லெகான்ட் (1870–1950). பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் கற்பித்து 1937இல் ஓய்வுபெற்ற இவர், தம் கோடை விடுமுறைகளை ஏறக்குறைய முழுவதுமாக மலைக்கே கொடுத்தவர்.

புவியியலாளரின் மகனாகப் பிறந்து சிறுவயதிலேயே மலை பழகிய லெகான்ட், 1892இல் இயற்கையியலாளர் ஜான் மியூரைத் தலைவராகக் கொண்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான சியரா கிளப் தொடங்கப்பட்டபோது அதன் தொடக்க உறுப்பினர்களுள் ஒருவரானார். அரசின் நில அளவைத் துறை அப்பகுதிக்கு விரிவான வரைபடத் தாள்களை வெளியிடுமுன்னரே, யோசெமிட்டியையும் கிங்ஸ் ஆற்றுப் பகுதியையும் சுற்றியுள்ள மலைகளுக்கு இவர் வரைந்த படங்களே நடப்போர் கையில் இருந்தன. கண்ணாடித் தகட்டில் படம் பதிக்கும் கனமான ஒளிப்படக் கருவியையும் இவர் உடன் சுமந்து சென்றார்.

1896இல் யூனிவர்சிட்டி சிகரத்தின் முதல் ஏற்றத்தில் இவருடன் சென்ற ஹெலன் காம்பெர்ட்ஸ், 1901இல் இவருடைய மனைவியானார். 1903இல் 14,200 அடியைத் தாண்டும் வடக்குப் பாலிசேடு சிகரத்தை ஹட்சின்சன், மாஃபிட் ஆகிய இருவருடன் இவர் முதன்முதலில் எட்டினார். நேராக மேலேறும் பாறை இடுக்கு அடைபட்டுப்போகவே, பக்கவாட்டில் சென்ற ஒடுங்கிய விளிம்பொன்றைக் கண்டுபிடித்து, அதன்வழி அடுத்த இடுக்குக்குள் நுழைந்து அவர்கள் உச்சியேறினர். அத்தடம் இன்றும் இவர் பெயராலேயே வழங்குகிறது.

ஆயினும் இவருடைய நிலைத்த பங்களிப்பு சிகரங்களில் இல்லை என்றே சொல்லவேண்டும். ஆள் தவழ்ந்து ஏறக்கூடிய இடத்தில் வாரக்கணக்கான உணவைச் சுமக்கும் கோவேறு கழுதை ஏறாது. அது ஏறாத வழி நெடும்பயணத்துக்கு உதவாது. அப்படியெனில் அது ஏறும் வழி எது? சரிவு, பாறைச்சிதைவு, பனி, மேய்ச்சல்நிலம் ஆகியவற்றை எடைபோட்டு விடை காணவேண்டிய இக்கேள்வி பொறியாளருக்கே உரியது. 1908இல் ஹட்சின்சன், டங்கன் மெக்டஃபி ஆகியோருடன் யோசெமிட்டியிலிருந்து புறப்பட்ட லெகான்ட், பொதிவிலங்குகளை மியூர் கணவாய்க்கு மேலாக நடத்தி, கிங்ஸ் ஆற்றின் நடுக்கிளைப் பள்ளத்தாக்கில் இறக்கி, கிங்ஸ் கேன்யனைச் சென்றடைந்தார். அந்நடுக்கிளைப் பள்ளத்தாக்கின் மேற்பகுதிதான் பின்னர் லெகான்ட் கேன்யன் எனப் பெயர் பெற்றது. (லெகான்ட் சிகரம் தந்தையின் பெயர் கொண்டது, இருவரையும் ஒருவராக மயங்குவோர் உண்டு.) பாலிசேடு ஓடையை ஒட்டிய செங்குத்துப் பகுதியில் மட்டும் விலங்குகளுக்கு வழியில்லாததால், கார்ட்ரிட்ஜ் ஓடை வழியாக அவர்கள் சுற்றிச் செல்ல நேர்ந்தது.

1914 டிசம்பரில் மியூர் மறைந்தபின் சியரா கிளப்பின் இரண்டாம் தலைவரானவர் லெகான்டே. மியூரின் நினைவாக முகட்டுவழியொன்றை அமைக்க 1915இல் மாநில அரசு 10,000 டாலர் ஒதுக்கியது. 1908ஆம் ஆண்டுத் தடத்தைப் பெரும்பாலும் பின்பற்றிய அவ்வழி பகுதி பகுதியாக வளர்ந்தது. லெகான்ட் சுற்றிச் சென்ற பாலிசேடு ஓடைச் சுவரில் கொண்டைஊசி வளைவுகளாகப் பாதை வெட்டப்பட்டு 1938இல் வழி முழுமையடைந்தபோது, அவர் பணி ஓய்வு பெற்று ஓராண்டு ஆகியிருந்தது.