சிதைவும் கலைப்பும்

தானாக நேர்வதைக் கருச்சிதைவு என்றும் செய்விப்பதைக் கருக்கலைப்பு என்றும் பிரித்துச் சொல்கிறோம். வைத்தியசாலைக் கட்டிலில் இந்தப் பிரிவினை அத்தனை தெளிவாக இருப்பதில்லை.

2012 ஒக்டோபரில் அயர்லாந்தின் கால்வே நகர வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார் சவிதா ஹலப்பனவர். கர்நாடகத்தைச் சேர்ந்த பல் வைத்தியர், வயது 31, 17 வாரக் கர்ப்பிணி. கரு தங்காது என்பது வைத்தியர்களுக்குத் தெரிந்தது. கருவை அகற்றிவிடும்படி அவர் கேட்டார். ஆனால் சிசுவின் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. 1983ஆம் ஆண்டின் எட்டாவது அரசியலமைப்புத் திருத்தமோ சிசுவின் உயிருரிமையைத் தாயினுடையதற்குச் சமமாக வைத்திருந்தது. காத்திருந்தார்கள். 24ஆந் திகதி சிசு இறந்து வெளிவந்தது. அதற்குள் கிருமித்தொற்று இரத்தத்தில் பரவியிருந்தது. 28ஆந் திகதி தாயும் இறந்தார்.

விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கையில் பிறந்த மகப்பேற்று நிபுணர், பேராசிரியர் சேர் சபாரத்தினம் அருள்குமரன். 2013இல் வெளியான அறிக்கை, நோயாளியைக் கண்காணிப்பதில் நேர்ந்த தவறுகளோடு, இதயத்துடிப்பு நிற்கும்வரை தலையிடக்கூடாது என்பதற்கு அளவுமீறிய முக்கியத்துவம் கொடுக்கப்பட்டதையும் சுட்டியது. 2018 சர்வசன வாக்கெடுப்பில் 66 சதவீதத்தினர் அத்திருத்தத்தை நீக்க வாக்களித்தனர்.

எமது தண்டனைச் சட்டக்கோவை 1883க்குரியது. அதன் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்துடன் செய்யப்படுவதற்கு மட்டுமே விலக்களிக்கிறது. உயிராபத்து எப்போது தொடங்குகிறது என்று அது சொல்வதில்லை. அதைத் தீர்மானிக்கவேண்டியவர் கட்டிலருகே நிற்கும் வைத்தியர். சட்டத்தை நினைத்து அவர் தயங்கும் மணித்தியாலங்கள் தாயினுடையவை.