நடுங்காத ஊருக்கு வந்த கருவி

ரொறன்ரோவில் நிலம் நடுங்குவது அபூர்வம். பல வருடங்களாக இங்கே வாழ்பவர்களிலும் அதை ஒருமுறைகூட உணராதவர்களே அதிகம். ஆனால் கனடாவின் முதல் நில அதிர்வுமானி 1897இல் இந்த ஊரில்தான் வைக்கப்பட்டது. நிலநடுக்கத்துக்குப் பேர்போன பசுபிக் கரையில், விக்டோரியாவில், அது 1898இல்தான் வந்து சேர்ந்தது. நடுங்காத ஊருக்கு நடுக்கத்தை அளக்கும் கருவி எதற்கு என்ற கேள்விக்கு விடை தேடினால், பூமியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று மனிதர் கண்டுபிடித்த கதை முழுவதும் கிடைத்துவிடும்.

கருவியைச் செய்தவர் ஜோன் மில்னி. லிவர்பூலில் பிறந்தவர்; சுரங்கவியலும் நிலவியலும் கற்பிக்க 1876இல் யப்பானுக்குப் போனார். 1880இல் யோக்கஹாமாவை உலுக்கிய நடுக்கத்துக்குப் பிறகு அவருக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. அந்த வருடமே யப்பானில் நிலநடுக்க ஆய்வுக்கென்று ஒரு சங்கம் உருவாக முன்னின்றார். சகாக்களுடன் சேர்ந்து கருவிகள் செய்தார். அவையெல்லாம் பக்கத்தில் நடக்கும் நடுக்கத்தை அளப்பவை.

1889 ஏப்ரலில் ஜேர்மனியில் எதிர்பாராத ஒன்று நடந்தது. போட்ஸ்டாமில் ஏர்ன்ஸ்ட் ஃபொன் றெபோய்ர்-பாஷ்விட்ஸ் என்ற இளம் விஞ்ஞானி, செங்குத்துத் திசையில் ஏற்படும் மிக நுண்ணிய மாற்றங்களை அறிவதற்காக ஒரு கிடை ஊசலை வைத்திருந்தார். 17ஆம் திகதி அதன் கோடு காரணமில்லாமல் கலைந்தது. பின்னர் தோக்கியோவில் அதே நாளில் நிலம் நடுங்கிய செய்தியைப் படித்தார். நேரத்தைக் கணக்குப் பார்த்தால் இரண்டும் பொருந்தின. யப்பானில் எழுந்த அலை ஐரோப்பாவுக்கு வந்திருந்தது. காசநோயால் 34 வயதிலேயே இறந்துபோன இந்த மனிதரை இன்று மிகச் சிலரே நினைக்கிறார்கள். அது பெரிய அநியாயம். பூமியின் ஒரு மூலையில் நடக்கும் நடுக்கத்தை இன்னொரு மூலையில் இருந்து கேட்கலாம் என்று உலகுக்குக் காட்டியவர் அவர்.

அதன் பொருள் மில்னிக்கு உடனே விளங்கியது. 1895இல் தோக்கியோவில் அவருடைய வீடு தீப்பற்றி, புத்தகங்களும் கருவிகளும் எரிந்துபோயின. யப்பானிய மனைவி தோனேயுடன் இங்கிலாந்து திரும்பி, வைட் தீவில் ஷைட் என்ற சிற்றூரில் குடியேறினார். அங்கே இருந்தபடி உலகம் முழுவதற்கும் ஒரே மாதிரியான கருவியை அனுப்பத் தொடங்கினார்.

கருவி எளிமையானது. ஒரு தூணில் கிடையாகப் பொருத்திய, ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமான மெல்லிய அலுமினியத் தண்டு. ஊரில் வாசல் படலை ஆடுவதுபோல அது பக்கவாட்டில் மட்டும் ஆடும். தண்டின் நுனியில் ஒரு சிறு பிளவு. அதன் வழியாக விழும் விளக்கொளி, கீழே மெல்ல நகரும் புகைப்படத் தாளில் ஒரு புள்ளியாகப் படியும். நிலம் அமைதியாக இருந்தால் தாளில் நேர்கோடு. அலை வந்தால் கோடு விரிந்து தடிக்கும். தாள் நிமிடத்துக்கு ஒரு மில்லிமீற்றர்தான் நகர்ந்தது. ஆடத் தொடங்கிய தண்டை அடக்க ஒரு தடுப்பும் இல்லை. இந்தக் குறைகளைப் பின்னால் வந்தவர்கள் கடுமையாகவே விமர்சித்தார்கள். ஆனால் எல்லா ஊரிலும் ஒரே கருவி இருந்ததும், எல்லாப் பதிவுகளும் ஓரிடத்துக்குத் தபாலில் போய்ச் சேர்ந்ததும்தான் இங்கே முக்கியம். பம்பாயின் கொலாபாவில் ஒன்று, கல்கத்தாவின் அலிப்பூரில் ஒன்று, கொடைக்கானல் வானாய்வகத்தில் ஒன்று. பழனி மலையில் எழுதப்பட்ட கோடும் ஒன்ராறியோ ஏரிக்கரையில் எழுதப்பட்ட கோடும் ஷைட்டில் பக்கம் பக்கமாக வைத்துப் படிக்கப்பட்டன.

ரொறன்ரோவில் கருவி போய்ச் சேர்ந்த இடமும் சாதாரண இடமல்ல. பிரித்தானிய இராணுவம் பூமியின் காந்தப்புலத்தை அளக்க 1840 வாக்கில் அமைத்த ஆய்வகம் அது. 1892இல் மின்சார ட்ராம் ஓடத் தொடங்கியதும் காந்த ஊசிகள் குழம்பின. காந்தக் கருவிகளை 1898இல் அஜின்கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஆம், இன்று தமிழ்க் கடைகளும் கோவில்களும் நிறைந்த ஸ்காபரோவின் அதே அஜின்கோர்ட்தான். அன்று அது நகரத்தின் இரைச்சல் எட்டாத வயல்வெளி. பழைய ஆய்வகத்தின் கற்களைப் பிரித்து 1908இல் சற்றுத் தள்ளித் திரும்பக் கட்டினார்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஹார்ட் ஹவுஸுக்குப் பக்கத்தில் குவிமாடத்துடன் நிற்கும் அந்தச் சிறு கட்டடத்தில் பல வருடங்கள் மாணவர் சங்கம் இருந்தது. அந்தப் பக்கம் போய்வரும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்த வரலாற்றை யாராவது சொல்லியிருப்பார்கள்?

கருவி ரொறன்ரோவுக்கு வந்த அதே 1897இல், யூன் 12ஆம் திகதி, அசாமைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. ஏறத்தாழ 1,500 பேர் இறந்தார்கள். அதை ஆராய்ந்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ரிச்சர்ட் டிக்ஸன் ஓல்டம். தொலைதூரப் பதிவுகளை ஒப்பிட்டபோது, நடுக்கத்திலிருந்து மூன்று வகை அலைகள் கிளம்புவதை அவர் பிரித்துக் கண்டார். முந்தி வருவது முதன்மை அலை. அது பாறையை நெருக்கித் தளர்த்திக்கொண்டு போகும். அடுத்தது பக்கவாட்டில் அசைத்து வரும் இரண்டாம் அலை. இது திரவத்தின் ஊடாகப் போகாது. கடைசியில் மேற்பரப்போடு ஊர்ந்து வருவது மூன்றாவது. 1906இல் ஓல்டம் இன்னும் ஒரு படி போனார். பூமியின் மறுபக்கத்தை நெருங்க நெருங்க அலைகள் எதிர்பார்த்ததைவிட மிகப் பிந்தி வந்தன. நடுவில் வேறொரு பொருள் இருந்தால்தான் அப்படி நடக்கும். பூமிக்குக் கரு உண்டு என்பதற்கு அலைகள் தந்த முதல் சாட்சி அதுதான். கருவின் அளவை ஓல்டம் குறைத்தே மதிப்பிட்டார். ஆனால் கரு இருக்கிறது என்ற முடிவு நிலைத்துவிட்டது.

பிறகு கண்டுபிடிப்புகள் விரைந்து வந்தன. 1909இல் குரோஷியாவில் நடந்த நடுக்கத்தைக் கொண்டு ஆய்வாளர் மொகொரொவிச்சிச் பூமியின் மேலோட்டின் அடி எல்லையைக் கண்டார். கரு 2,900 கிலோமீற்றர் ஆழத்தில் தொடங்குகிறது என்று இன்னோர் ஆய்வாளர் குட்டன்பேர்க் கணக்கிட்டார். அது திரவம் என்று 1926இல் ஜெஃப்ரிஸ் என்ற ஆய்வாளர் நிறுவினார். கரு அலைகளை வளைத்துவிடுவதால், நடுக்கம் நடந்த இடத்திலிருந்து, பூமியின் மையத்தில் அளக்கும் கோணமாக, ஏறத்தாழ 104 பாகைக்கும் 140 பாகைக்கும் இடையில் நேரடி முதன்மை அலை எட்டாத ஒரு நிழல் வலயம் விழுகிறது. அசாமிலிருந்து ரொறன்ரோ 110 பாகை தூரம், நிழலுக்குள்ளேதான் இருக்கிறது.

நிழலுக்குள்ளும் சில மெல்லிய அலைகள் வந்துகொண்டிருந்தன. டென்மார்க்கின் இங்கெ லேமன் என்ற ஆய்வாளர் 1929ஆம் வருட நியூசிலாந்து நடுக்கத்தின் பதிவுகளை அட்டைகளில் எழுதி, ஓட்ஸ் பெட்டிகளில் அடுக்கிவைத்து ஆராய்ந்தார். கணினி இல்லை, உதவியாளர் கூட்டமும் இல்லை. திரவக் கருவுக்குள்ளே இன்னொரு கரு இருந்து அந்த அலைகளைத் திருப்பி அனுப்புகிறது என்று 1936இல் எழுதினார். 1,220 கிலோமீற்றர் ஆரமுள்ள அந்த உட்கருவை முதலில் கண்டவர் அவர். இந்தக் கதையில் என் மனதை மிகவும் தொடுபவர் அவர்தான். மனிதர் தோண்டிய மிக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலாவில், 12 கிலோமீற்றர்தான் போயிருக்கிறது. பூமியின் மையமோ 6,371 கிலோமீற்றர் ஆழத்தில்.

ரொறன்ரோ கேட்பதோடு நிற்கவில்லை. இங்கே படித்து இங்கேயே பேராசிரியரான ஜோன் தூசோ வில்சன், மேலோட்டுக்கும் கருவுக்கும் இடையிலுள்ள கவசத்தின் ஆழத்திலிருந்து எழும் வெப்பத்தின்மேல் பூமியின் மேற்தட்டு நகர்வதால்தான் ஹவாய்த் தீவுகள் வரிசையாகப் பிறந்தன என்று 1963இல் எழுதினார். ஆபிரிக்காவுக்கு அடியில், கருவின் விளிம்பை ஒட்டி, அலைகள் மெதுவாகச் செல்லும் பிரமாண்டமான ஒரு பகுதி இருக்கிறது. இன்றைய விஞ்ஞானிகள் அதற்குத் தூசோ என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

2004 டிசெம்பர் 25, நத்தார் இரவு. ரொறன்ரோ நேரம் எட்டு மணியாக ஒரு நிமிடம் இருக்கையில் சுமாத்திராவுக்கு அருகே கடலடி பிளந்தது. அங்கிருந்து ரொறன்ரோ 133 பாகை; நிழல் வலயம். லேமன் கண்ட உட்கருவின் ஊடாகவே வந்த அலை ஏறத்தாழ 19 நிமிடத்தில் நம் காலடிக்கு வந்து சேர்ந்தது. முல்லைத்தீவு, மட்டக்களப்பு, நாகப்பட்டினக் கரைகளைக் கடல் ஏறி அழிக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது. பூமியின் நடுவைத் துளைத்துச் செய்தி வந்துவிட்டது; கரையில் நின்றவர்களுக்கு அதைச் சொல்ல இந்தியப் பெருங்கடலில் ஓர் ஏற்பாடு இருக்கவில்லை. விஞ்ஞானம் தன் வேலையைச் செய்தது. அரசுகள் தங்கள் வேலையைச் செய்திருக்கவில்லை.

அந்த ஏற்பாடு இப்போது இருக்கிறது. ஹைதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஊரில் கரையோரம் உறவுகள் உள்ளவர்கள், எச்சரிக்கை வந்தால் எந்த வழியாக எந்த மேட்டுக்குப் போவார்கள் என்று அடுத்த தொலைபேசி அழைப்பில் கேளுங்கள். தெரியாது என்றால், அதைத் தெரிந்துவைக்கச் சொல்லுங்கள்.