கையெழுத்தும் குணமும்: ஒரு வழக்கு உணர்த்திய பாடம்

கையெழுத்து நன்றாயிருந்தால் தலையெழுத்து நன்றாயிராது என்பது தமிழ்நாட்டில் வழங்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு. எழுதும் கைக்கும் எழுதுபவரின் வாழ்வுக்கும் ஏதோ ஒரு தொடர்பு உண்டு என்னும் எண்ணம் அதனுள் மறைந்திருக்கிறது. இவ்வெண்ணம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவில் இஃது ஒரு தனிச் சாத்திரமாகவே வளர்ந்தது.

ஒருவர் எழுதிய கடிதத்தைக் கொண்டு அவருடைய இயல்பை அறியலாம் என்று இத்தாலியப் பேராசிரியர் கமில்லோ பால்தி எழுதிய நூல் 1622இல் வெளிவந்தது. அதன்பின் இரண்டரை நூற்றாண்டு கழித்து, பிரெஞ்சுப் பாதிரியார் மிஷோன் இத்துறைக்குக் கையெழுத்தியல் எனப் பொருள்படும் பெயரைச் சூட்டி, 1875இல் அதன் விதிகளைத் தொகுத்து வெளியிட்டார். மேல்நோக்கி ஏறும் வரி ஊக்கத்தைக் காட்டும், கீழ்நோக்கிச் சரியும் வரி சோர்வைக் காட்டும் என்று ஒவ்வோர் அடையாளத்திற்கும் ஒரு குணம் வகுக்கப்பட்டது. ஓர் அடையாளம் காணப்படாவிடில் அதற்கு எதிரான குணம் உண்டு என்றும் அவர் கொண்டார். அவருக்குப் பின்வந்த கிரெப்பியூ ஜமேன் இக்கருத்தை மறுத்தார். எனினும், இருப்பதும் சான்று, இல்லாததும் சான்று என்னும் இம்மனப்போக்கு எத்துணைக் கேட்டை விளைக்கும் என்பதை அந்நாட்டின் வேறொரு நிகழ்ச்சி காட்டியது.

எழுதியவர் யார் என ஆராய்வது வேறு. எழுதியவர் எத்தகையவர் என ஆராய்வது வேறு. இவ்விரண்டும் குழம்பிய இடம் டிரைஃபஸ் வழக்கு. பிரெஞ்சுப் படைத்துறைச் செய்திகளை ஜெர்மானியருக்கு விற்க முன்வந்த, கையொப்பமற்ற கடிதம் ஒன்று 1894இல் பிடிபட்டது. யூதரான கேப்டன் ஆல்ஃபிரட் டிரைஃபஸ் மீது ஐயம் எழுந்தது. அவ்வாண்டு அக்டோபர் 15ஆம் நாள் அதிகாரி தூ பாத்தி த கிளாம் அவரை அழைத்து, தாம் சொல்லச் சொல்ல எழுதச் செய்தார். இடையில், கை நடுங்குகிறதே என்று அதட்டினார். விரல்கள் குளிர்ந்திருக்கின்றன என்றார் டிரைஃபஸ். எழுதிய தாளிலோ நடுக்கத்தின் சுவடு இல்லை. இது விசாரணையில் சுட்டிக்காட்டப்பட்டபோது, நடுங்காமையே அவர் முன்னெச்சரிக்கை பெற்று நடித்தார் என்பதற்குச் சான்று என வாதிடப்பட்டது.

காவல்துறையில் அடையாளப் பிரிவின் தலைவராயிருந்த பெர்த்தியோன் இன்னும் ஒருபடி மேலே சென்றார். கடிதத்தின் எழுத்து டிரைஃபஸின் எழுத்தை ஒத்த இடங்கள் அவருடைய குற்றத்தைக் காட்டின. ஒவ்வாத இடங்கள், அவர் தம் எழுத்தைத் தாமே போலியாக எழுதிய சூழ்ச்சியைக் காட்டின! வல்லுநர் ஐவருள் இருவர் இது டிரைஃபஸின் எழுத்தன்று என்றனர், பயனில்லை. டிசம்பர் 22இல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. மறு மாதம் அவருடைய படைச் சின்னங்கள் பலர் காணப் பிய்த்தெறியப்பட்டன. தென் அமெரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள பிசாசுத் தீவில் அவர் தனிச்சிறை வைக்கப்பட்டார்.

1896இல் உளவுத்துறைத் தலைவர் பிக்கார், எஸ்தராசி என்னும் அதிகாரியின் கடிதங்களைக் கண்டு, அதே கையெழுத்து எனத் திடுக்கிட்டார். பெயரை மறைத்துப் பெர்த்தியோனிடம் காட்டியபோது, அவரும் அதே எழுத்து என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அக்கடிதம் அண்மையில் எழுதப்பட்டது என அறிந்ததும், டிரைஃபஸின் எழுத்தைப் பின்பற்ற யூதர்கள் யாரையோ பயிற்றுவித்திருக்கின்றனர் என்றார். முடிவு முன்னரே செய்யப்பட்டுவிட்டால், கண் முன் நிற்கும் சான்றும் அதற்கேற்பவே வளையும்!

டிரைஃபஸுக்கு எதிராகக் கருத்துரைத்த வல்லுநருள் ஒருவரான ஷாரவே, 1899இல் நடந்த மறுவிசாரணையில் தம் பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஆயினும் டிரைஃபஸ் மீண்டும் குற்றவாளி எனப்பட்டு, பின்னர் மன்னிப்பின் பேரில் விடுதலையானார். பெர்த்தியோனின் கணக்குகள் பொருளற்றவை எனப் புவான்காரே உள்ளிட்ட கணித மேதையர் மூவர் 1904இல் நிறுவினர். 1906 ஜூலை 12இல்தான் களங்கம் முற்றும் துடைக்கப்பட்டது. இடையில் கழிந்த ஆண்டுகள் பன்னிரண்டு.

அதே 1906ஆம் ஆண்டில் உளவியலறிஞர் ஆல்ஃபிரட் பினே, கையெழுத்து வல்லுநர்களைச் சோதித்து ஒரு நூல் வெளியிட்டார். அவர்களிடம் ஓரளவு திறன் இருப்பதையும், அவர்கள் தவறாதவர் அல்லர் என்பதையும் அவர் ஒருசேரக் கண்டார். 1989இல் நெட்டர், பென்-ஷாகர் ஆகியோர் பதினேழு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். பணிக்கு ஆள் தேர்வதில் கையெழுத்தியலார், அக்கலை பயிலாதவரை விஞ்சவில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. நடுக்குவாத நோயால் எழுத்து சிறுத்துப் போவது போன்ற உடற்குறிகள் உண்மையே. ஆனால் அவை உடலின் செய்தி; ஒழுக்கத்தின் செய்தியல்ல.

பழைய ஏடுகளைப் பதிப்பித்த தமிழறிஞர்களும் பிறர் கையெழுத்தைப் படிப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர்கள். புள்ளியிடாத மெய்யெழுத்தும், குறில் நெடில் விளங்காத எகர ஒகரமும் அவர்களைத் தடுமாறச் செய்தன. அதனால் அவர்கள் ஒரே ஏட்டை நம்பி முடிவு கட்டவில்லை. பல பிரதிகளைத் தேடி ஒப்பிட்டனர். ஐயமுள்ள இடத்தில் பாடவேறுபாடு காட்டினர். ஓரெழுத்தைத் துணிவதற்கே இத்தனை பொறுமை வேண்டுமெனில், ஒரு மனிதரின் குணத்தைத் துணிவதற்கு எத்துணைப் பொறுமை வேண்டும்! பெர்த்தியோனிடம் கருவிகள் இருந்தன, கணக்குகள் இருந்தன. இல்லாதிருந்தது அந்த ஐயம் ஒன்றே.